லயன்ஸின் 2023 சீசன்
அமெரிக்கக் கால்பந்து (NFL) அணியான டெட்ராய்ட் லயன்ஸின் 2023 சீசன் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. 2008ல் 16 ஆட்டத்திலும் தோற்ற அணி, 32 வருஷமாக பிளேஆஃபில் (சீசன் முடிவில் வரும் நாக்-அவுட் சுற்றில்) ஒரு வெற்றிகூடப் பார்க்காத அணி, அந்த சீசனில் 12 ஆட்டம் ஜெயித்தது. ராம்ஸ் அணி வேண்டாமென்று அனுப்பிவிட்ட குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) ஜாரெட் காஃப், பிளேஆஃபில் அதே ராம்ஸை 24-23 என்று வீழ்த்திய ராத்திரி, லயன்ஸின் சொந்த ஃபோர்ட் ஃபீல்ட் மைதானமே அவர் பெயரைச் சொல்லிக் கத்தியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அப்புறம் சான் ஃபிரான்சிஸ்கோ அணியான ஃபார்ட்டி நைனர்ஸோடு, ஜெயித்தால் சூப்பர் பௌல் இறுதிப்போட்டி என்ற ஆட்டம். பாதியில் 24-7 முன்னிலை, கடைசியில் 31-34 தோல்வி. நான்காவது டவுனில் (பந்தை முன்னே கொண்டுபோகக் கிடைக்கும் கடைசி வாய்ப்பில்) மூன்று புள்ளி தரும் ஃபீல்ட் கோலை உதைக்காமல் பயிற்சியாளர் டேன் கேம்பெல் துணிந்தது தப்பு என்கிறார்கள், ஆனால் அந்தத் துணிச்சல்தானே அவர்களை அவ்வளவு தூரம் கொண்டுவந்தது? லயன்ஸ் வீரர் ரெனால்ட்ஸ் கையில் பட்டு நழுவிய அந்தப் பந்து மட்டும் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.