துண்டின் வெள்ளை

பிப்ரவரி 4
சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்த கான்வாஸை இன்று எடுத்தேன். நாற்காலி, அதன் மேல் கிடக்கும் வெள்ளைத் துண்டு. வெள்ளை முழுக்க மஞ்சள் பாரித்துக் கிடக்கிறது. ஆளிவிதை எண்ணெய் இருட்டில் இருந்தால் மஞ்சளாகும், வெளிச்சத்தில் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும், இது எனக்குப் பல வருஷமாகத் தெரிந்த விஷயம்தான். ஆனால் இந்த மஞ்சள் எண்ணெயுடையதா, என் கண்ணுடையதா? ஜன்னலோரம் சாய்த்து வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 7
மூட்டம். பிரஷைத் தொடவில்லை.

பிப்ரவரி 9
பிரெஞ்சு ஓவியர் மோனேவுக்கு 1912-இல் கண்புரை என்று சொன்னார்கள், 1923 வரை அறுவை சிகிச்சையைத் தள்ளிக்கொண்டே போனார். நடுவில் டியூபில் ஒட்டிய பெயரையும் பேலட்டில் வண்ணம் இருக்கும் வரிசையையும் நம்பி வரைந்திருக்கிறார். அந்தப் பயம் எனக்கு இப்போது புரிகிறது. கண் போய்விடுமோ என்பதைவிட, இத்தனை நாள் பார்த்தது தப்போ என்ற பயம்.

பிப்ரவரி 10
மஞ்சள் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. மாதிரி.

பிப்ரவரி 12
அக்கா போன் செய்தாள். "படத்த அப்புறம் பாத்துக்கலாம்டி, முதல்ல கண்ணப் பாரு." பதில் சொல்லவில்லை. எனக்கு அது இரண்டும் ஒன்றுதான்.

பிப்ரவரி 16
வலது கண். பதினைந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

பிப்ரவரி 17
கட்டைப் பிரித்தார்கள். நீலம்! வாஷ்பேசின், நர்ஸின் கையுறை, தலையணை உறை, எல்லாவற்றிலும் ஒரு மெல்லிய நீலம். காரில் வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தேன், அழக்கூடாது என்று சொல்லியும்.

பிப்ரவரி 18
துண்டை எடுத்து அதே நாற்காலியில் போட்டேன். வலது கண்ணை மூடினால் பழைய காகிதம். இடது கண்ணை மூடினால் பால். தையல் விளிம்பில் ஒரு நூல் பிரிந்து நிற்கிறது, அதன் நிழல் ஊதா. அந்த நூல் இருப்பதே எனக்குத் தெரியாது.

பிப்ரவரி 21
நாலு வேளை சொட்டு மருந்து. வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் பக்கமே போகக்கூடாதாம்.

பிப்ரவரி 26
இன்றுதான் வலது கண்ணால் மட்டும் படத்தைப் பார்க்கத் துணிந்தேன். துண்டைப் பார்த்துப் பார்த்து வரைந்த மடிப்புகள் கிட்டத்தட்ட சரியாகவே இருக்கின்றன. ராத்திரி விளக்கில், ஞாபகத்திலிருந்து சரி செய்த இடங்கள்தான் நீலம் ஏறிக் கிடக்கின்றன. யோசித்தால் நியாயம்தான். துண்டையும் வண்ணத்தையும் ஒரே மஞ்சள் வழியாகப் பார்க்கும்போது ஒன்றுக்கொன்று கழிந்துவிடுகிறது. துண்டு எதிரே இல்லாதபோது, வெள்ளை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று மனசு சொல்ல, கலவை மட்டும் மஞ்சளாகத் தெரிய, நான் அல்ட்ராமரின் நீலத்தைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கிறேன். கண் ஏமாற்றவில்லை. ஞாபகம்தான்.

மார்ச் 3
நீலம் ஏறிய இடங்களைக் கத்தியால் சுரண்டினேன். மேல் அடுக்கு இன்னும் முழுசாக இறுகவில்லை, அதனால் சுலபமாக வந்தது. அடி மடிப்பில் ஒரு நாணயம் அளவுக்கு வெறும் கான்வாஸ்.

மார்ச் 6
ஓவியர் செசான் 1899-இல் ஓவிய வியாபாரி வொலார்டை 115 தடவை உட்காரவைத்து வரைந்தும், கையில் இரண்டு சின்னப் புள்ளிகளை வண்ணம் படாமல் விட்டார். சரியான நிறம் கிடைக்காமல் எதையோ வைத்தால் முழுப் படத்தையும் திரும்பத் தொடங்க வேண்டியிருக்கும் என்றாராம். என் நாணயத்தை நாள் முழுக்கப் பார்த்தேன்.

மார்ச் 8
இடது கண்ணுக்கு 12-ஆம் தேதி.

மார்ச் 9
தூக்கமில்லை. 12-க்குப் பிறகு அந்தப் பழைய காகித மஞ்சளை நான் பார்க்கவே போவதில்லை. இத்தனை வருஷம் அதற்குள்தான் இருந்திருக்கிறேன், அது எங்கேயும் பதிவாகவில்லை, எல்லாப் படத்திலும் தானே கழிந்து போய்விட்டது.

மார்ச் 11
துண்டை இடது கண்ணால் பார்க்க வேண்டும், பேலட்டை வலது கண்ணால் பார்த்துக் கலக்க வேண்டும். அப்போது கழியாது. டைட்டானியம் வெள்ளை, துளி மஞ்சள் ஓக்கர், பழுப்பு அம்பர் வேண்டாம். மூன்று கலவை ஆகிவிட்டது, மூன்றும் பச்சையாகப் போகிறது. அந்த நாணயம் அளவு இடம் மட்டும் போதும். இன்னும் ஒரு மணி நேரம் வெளிச்சம் இருக்கும்