மிஷன் ஆய்வு நல்கை: தேர்வுக் குழு நாட்குறிப்பு

செப்டம்பர் 3

இந்தச் சுற்றுக்கு வந்த விண்ணப்பங்களை இன்று வாசிக்கத் தொடங்கினேன். எங்கள் நல்கை சிறியது. சம்பளமோ படிப்புக் கட்டணமோ தராது. கிறிஸ்தவ மிஷன் வரலாறு படிப்பவர் ஓர் ஆவணக் காப்பகத்துக்குப் போய்வரலாம், அல்லது ஒரு சபையோடு சில வாரம் தங்கிக் கேட்டு எழுதலாம். அதற்கான பயணம், தங்குமிடம், நகலெடுக்கும் செலவு, அவ்வளவுதான். ஆனால் போதகர்களும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வேலைக்கு நடுவே ஆய்வு செய்பவர்களும் இதை நம்பித்தான் கேட்கிறார்கள். பல்கலைக்கழகப் பணம் அவர்களுக்கு எட்டாது. அதனால் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் இரண்டு தடவை வாசிப்பது என் வழக்கம்.

முதலில் வந்தது, ‘ஆப்பிரிக்காவில் மிஷன் பணியின் தாக்கம்’. ஒரு கண்டம், இரண்டு நூற்றாண்டு, ஒரு மாத விடுப்பு! ஆர்வம் வரிக்கு வரி தெரிகிறது. எந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கப் போகிறார் என்பதுதான் தெரியவில்லை. அடுத்தவர் 1864-இல் பிஷப்பான ஆப்பிரிக்கர் சாமுவேல் அஜாயி குரௌதரின் நைஜர் ஆற்றங்கரை மிஷனை எடுத்திருக்கிறார். அங்கே ஊழியம் செய்த ஆப்பிரிக்கர்கள் உள்ளூர்ப் பூசாரிகளோடு பேசியதைத் தங்கள் நாட்குறிப்புகளில் எப்படி எழுதினார்கள் என்பது அவர் கேள்வி. அந்த மிஷனை நடத்திய சர்ச் மிஷனரி சொசைட்டியின் ஆவணங்கள் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. அட்டவணை எண்களோடு கேட்டிருக்கிறார். கேள்வி இத்தனை குறுகலாக இருந்தால்தான் சின்னத் தொகையால் அதைத் தாங்க முடியும்.

செப்டம்பர் 6

ஜெர்மனியின் ஹாலே நகரத்துக்குப் போக இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஜெர்மன் மிஷனரிகளான சீகன்பால்குவும் புளுட்சோவும் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கியது முதல் அந்த மிஷன் எழுதி அனுப்பிய கடிதங்களும் அறிக்கைகளும் ஹாலேயிலுள்ள ஃபிராங்கே அறக்கட்டளைக் காப்பகத்தில் ஏராளம். தமிழ் ஓலைச்சுவடிகளும் அங்கே உண்டு. ஒருவருக்கு 1733-இல் குருப்பட்டம் பெற்ற தமிழர் ஆரோனும், அவரைச் சுற்றி இருந்த உபதேசியார்கள் எனும் உள்ளூர்ச் சபை ஊழியர்களும் வேண்டும். நான் மிகவும் விரும்பும் கேள்வி இது. மிஷனரிகளின் பெயரில் நூல்கள் குவிந்துவிட்டன. அவர்களுக்கு மொழி சொல்லித் தந்து, வழி காட்டி, முன்னால் நடந்தவர்கள் பாதிப் பெயரோடு அறிக்கையின் ஓரத்தில் நிற்கிறார்கள்.

ஆனால் அந்தக் கடிதங்களில் பெரும்பாலானவை பழைய ஜெர்மன் கையெழுத்தில் இருப்பவை. அச்சு ஜெர்மன் சரளமாக வாசிப்பவருக்கே முதல் நாள் ஒரு வரி நகராது. ஆரோனைத் தேடுபவர் ஸ்கேன் செய்த பக்கங்களை வைத்து வீட்டிலேயே எழுத்துப் பழகி, தான் படித்தெடுத்த ஒரு பக்கத்தையும் இணைத்திருக்கிறார். இன்னொருவர் ‘அங்கே போய்ப் பழகிக்கொள்வேன்’ என்கிறார். காப்பகத்தில் கழியும் ஒவ்வொரு நாளும் நல்கைப் பணம். முதலில் எழுத்தைப் பழகிக்கொண்டு அடுத்த சுற்றில் வாருங்கள் என்று எழுதப்போகிறேன்.

செப்டம்பர் 7

பரிந்துரைக் கடிதங்கள் மட்டும். ‘நல்லவர், ஜெபமுள்ளவர்’ என்பதைத் தாண்டாதவை பல. ஆய்வைப் பற்றி ஒரு வரி இருந்தால் விண்ணப்பித்தவருக்கு எவ்வளவு உதவியாக இருக்கும்!

செப்டம்பர் 11

இன்று, சபைகளைப் பார்க்கப் போகிறவர்களின் விண்ணப்பங்கள். இவற்றைத்தான் கூடுதல் கவனத்தோடு வாசிக்கிறேன். காகிதத்தை யார் புரட்டினாலும் அதற்கு வலிக்காது. மனிதர்கள் அப்படி இல்லை. 1910-இல் எடின்பரோ மிஷனரி மாநாட்டில் இந்தியப் போதகர் வி. எஸ். அசரியா, மிஷனரிகளின் தியாகத்தை எல்லாம் சொல்லிவிட்டு, எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று கேட்டார். ஆய்வுக்குப் போகிறவர்களிடமும் அதையே கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

ஒரு விண்ணப்பம் சரியாக அப்படி இருந்தது. ஒரு மலைவாழ் சபையின் முதல் தலைமுறைப் பெண்களிடம், அவர்கள் ஞானஸ்நானம் பெற்ற காலத்தைப் பற்றிக் கேட்கப் போகிறார். சபை மூப்பர்களின் அழைப்புக் கடிதம் இருக்கிறது. பதிவு செய்யும் முன் ஒவ்வொருவரிடமும் சம்மதம் வாங்குவார். வேண்டாம் என்றால் பெயரை விட்டுவிடுவார். ஒலிப்பதிவின் ஒரு பிரதி அந்தச் சபையிடமே இருக்கும். இப்படிச் சேரும் வாய்மொழி நினைவுக்கு என்ன மதிப்பு என்று சந்தேகப்படுபவர்கள் ஆப்பிரிக்கக் கிறிஸ்தவ வாழ்க்கை வரலாற்று அகராதியைப் பார்க்க வேண்டும். 1995-இல் தொடங்கிய அந்தத் திட்டம், அச்சு நூல்களில் இடம்பெறாத எத்தனையோ சுவிசேஷகர்களையும் சபைத் தாய்மார்களையும் ஊரார் சொல்லக் கேட்டுத்தான் எழுதி வைத்திருக்கிறது.

இன்னொன்றில் பத்து நாளில் ஐந்து நாடு. அழைத்தவர் யார் என்பதற்கு ஒரு வரி கூட இல்லை. வேண்டாம் என்று குறித்துவிட்டேன்.

செப்டம்பர் 15

குழுக் கூட்டம். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் பிரித்துக் கொடுக்கலாம் என்றார் ஒருவர். நல்ல மனதோடுதான் சொன்னார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பாதிப் பயணச்சீட்டில் யாரும் போய்ச் சேர முடியாது. மீதிக்கு வேறு வழி இல்லாதவர் விண்ணப்பித்தும் வீட்டிலேயே இருப்பார், வழி இருப்பவர் மட்டும் போவார். அப்புறம் நெடுநேரம் பேசி, சிலருக்கு முழுமையாகக் கொடுப்பது என்று முடிவானது. பர்மிங்ஹாம், ஆரோன், மலைச் சபை மூன்றும் நிறைவேறின. மலைச் சபை விண்ணப்பத்தில் மொழிபெயர்ப்பாளருக்குப் பணமே கேட்கவில்லை. உள்ளூர்ப் பெண் ஒருவர் சும்மா வருவார் என்று எழுதியிருந்தார். அவருக்கும் கூலி சேர்த்தோம். வாரக்கணக்கில் உடன் நடந்து இரண்டு மொழிக்கும் நடுவே நிற்பது வேலைதான்.

செப்டம்பர் 22

பர்மிங்ஹாம் போகிறவர் எழுதியிருந்தார். விசா தாமதமாகிறது, தேதியை மாற்றலாமா என்று. தாராளமாக மாற்றலாம் என்றேன். டிக்கெட் வாங்கும் முன் வாசிப்பறை எந்த நாட்களில் திறந்திருக்கும், சொந்தக் கேமராவில் படமெடுக்க அனுமதி உண்டா, பெட்டிகளை எத்தனை நாள் முன்பே கேட்டுவைக்க வேண்டும் என்று காப்பகத்துக்கு எழுதிக் கேட்கச் சொன்னேன். அடுத்த சுற்று விண்ணப்பப் படிவத்தில் மொழிபெயர்ப்பாளர் கூலிக்குத் தனி வரி சேர்க்கக் குழுவிடம் கேட்டிருக்கிறேன்.