நேர்காணலுக்குப் பிறகு நன்றி மடல் அனுப்பப் பட்ட பாடு

மலேசியப் பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆசிரியர் பட்டப் படிப்புக்கு விண்ணப்பித்திருந்தேன். ஆறாம் படிவ முடிவில் எழுதும் எஸ்டிபிஎம், பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான யுபியு விண்ணப்பம், ஆசிரியர் படிப்புக்கான மெட்சி தேர்வு, நேர்காணல் அழைப்பு எல்லாம் ஒழுங்காகவே நடந்தன. ஆறாம் படிவம் முடித்தவர்களுக்கு அதைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சான்றிதழ் நகல் ஒவ்வொன்றிலும் தலைமையாசிரியர் முத்திரை விழுந்திருக்கிறதா என்று மட்டும் கிளம்புமுன் பாருங்கள். என்னை அலைக்கழித்தது அதற்குப் பிறகு வந்த வேலை: என்னை நேர்கண்ட இருவருக்கும் நாலு வரி நன்றி அனுப்புவது.

எங்கள் டீச்சர்தான் அனுப்பச் சொன்னார். "மறுநாளே போயிடணும்மா, ஒரு வாரம் கழிச்சு அனுப்பினா அதுக்கு மதிப்பே இல்ல" என்றார். சரி, யாருக்கு அனுப்புவது? அறையில் இருந்தவர்கள் பெயர் சொல்லவில்லை. அழைப்புக் கடிதத்திலும் இல்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை. எங்கள் தோட்டத்தில் லைன் விட்டுவிட்டு வரும், அதனால் அப்பா காலைச் செம்பனைக் குலைவெட்டு முடித்து வந்ததும் மோட்டார் சைக்கிளில் சுங்கை சிப்புட் டவுனுக்குப் போனோம். அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்குக் கூப்பிட்டால் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் அரசு அலுவலகங்களுக்கு 12.15 முதல் 2.45 வரை தொழுகை இடைவேளை. நேர்காணல் வியாழக்கிழமை என்றால் மறுநாள் காலையிலேயே கூப்பிட்டுவிடுங்கள். கெடா, கிளந்தான், திரங்கானுப் பக்கம் என்றால் வெள்ளியும் சனியுமே விடுமுறை, வியாழன் மாலையோடு எல்லாம் அடைத்துவிடும்.

மூன்று மணிக்கு எடுத்த அம்மையார் நான் பேசி முடிக்கவே விடவில்லை. பெயர் தர முடியாது, முடிவு வரும்வரை காத்திரு, இனி கூப்பிடாதே என்று வைத்துவிட்டார். பெயர் தரக்கூடாது என்பது விதியாக இருக்கலாம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சிபாரிசுக்கு வந்தவளைப் போல் என்னிடம் பேசியது இன்னும் உறுத்துகிறது. கல்விப் புலத்துக்கு அடித்தால் சேர்க்கைப் பிரிவைக் கேள் என்றார்கள். சேர்க்கைப் பிரிவில் புலத்தைக் கேள் என்றார்கள். அப்பா வெயிலில் நின்றுகொண்டே இருந்தார்.

கடைசியில் கேள்வியை மாற்றினேன். "தேர்வுக் குழுவுக்கு ஒரு நன்றி மடல் இருக்கிறது, எந்த மின்னஞ்சலுக்கு அனுப்பினால் அவர்களிடம் சேர்ப்பீர்கள்?" என்று மட்டும் கேட்டேன். இம்முறை எடுத்தவர் ஓர் இளைஞர். உடனே பொது முகவரியை எழுத்தெழுத்தாகச் சொன்னார். தலைப்பில் அடையாள அட்டை எண், படிப்பின் குறியீடு, நேர்காணல் தேதி மூன்றும் இருக்கட்டும், இல்லாவிட்டால் யாருடையது என்று தேடமாட்டார்கள் என்றும் சொல்லித் தந்தார். பெயரைக் கேட்காதீர்கள், வழியைக் கேளுங்கள். இன்னும் நல்லது, நேர்காணல் அன்றே பதிவு மேசையில் இருப்பவரிடம் கேட்டு வாங்கிக்கொள்வது.

என் தோழி அச்சடித்த கடிதமாக அனுப்பினாள். உறைமேல் 'நேர்காணல் குழு' என்றுதான் இருந்தது, புலத்தின் பெயர் இல்லை. அது திரும்பி வந்து தோட்ட ஆபீசில் கிராணி (எழுத்தர்) மேசையில் கிடந்தது.

போட்டோஸ்டாட் கடையில் இன்னொரு தொல்லை. கடைக்காரர் தன் கணினியில் இருந்த பழைய கடிதத்தில் என் பெயரை மாற்றி, கடையின் மின்னஞ்சலிலிருந்தே அனுப்பித் தருகிறேன் என்றார். அந்தக் கடிதத்தின் அடியில் 'சாயா யாங் மெனுருட் பெரிந்தா' (கட்டளைக்குப் பணியும் நான்) என்று இருந்தது. அது முன்பு அரசு ஊழியர்கள் கையெழுத்துக்கு மேல் போட்டுவந்தது. விண்ணப்பித்த மாணவி 'யாங் பெனார்' (இப்படிக்கு, உண்மையுள்ள) போட்டால் போதும். கடை மின்னஞ்சலிலிருந்து போனால் பதிலும் கடைக்குத்தான் போகும். வேண்டாம் என்று சொல்லி, என் கைப்பேசியிலேயே தட்டினேன்.

அத்தை சொன்னதையும் சொல்லியாக வேண்டும். "சும்மா காகிதமா அனுப்புற? ஒரு டின் முறுக்காவது கொடுத்துவிடு" என்றார். அன்பாகத்தான் சொன்னார், ஆனாலும் தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். பொதுப் பல்கலைக்கழகத்தில், முடிவு தெரியாத நேரத்தில், தேர்வு செய்பவருக்குப் பண்டம் போனால் அது நன்றியாகத் தெரியாது. 2009 ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் இருக்கிற நாட்டில் அவருக்கும் சங்கடம், நமக்கும் கெடுதல்.

மடலை மலாயில் எழுதினேன். 'துவான், புவான்' (ஐயா, அம்மா) என்று தொடங்கி, நேரம் ஒதுக்கியதற்கு நன்றி. அடுத்த வரிகளுக்குத்தான் அதிக நேரம் யோசித்தேன். 150 பேருக்கும் குறைவான மாணவர் உள்ள பள்ளிக்குப் போகச் சொன்னால் போவாயா என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். நான் படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளியே அப்படிப்பட்டதுதான், அந்தக் கேள்வி வீட்டுக்கு வந்த பின்னும் என்னோடு இருக்கிறது என்று எழுதினேன். இந்த வரிகளை இன்னொருவர் எழுத முடியாது, அதுதான் வேண்டும். இடம் கொடுங்கள் என்று கெஞ்சவில்லை. குடும்பக் கஷ்டம் எழுதவில்லை. இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீட்டுக்குத் தனி வழி இருக்கிறது, அதை இதில் கலக்கக்கூடாது. கடைசியில் 'செக்கியான், தெரிமா காசே' (இத்துடன் முடிக்கிறேன், நன்றி).

திங்கட்கிழமை பதில் வந்தது: கிடைத்தது, குழுவிடம் சேர்த்துவிட்டோம். அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். இதனால் மதிப்பெண் கூடும் என்று நான் நம்பவில்லை, முடிவும் இன்னும் வரவில்லை. பயிற்சி நேர்காணல் வைத்த டீச்சருக்கும், அச்செடுத்துக் கொடுத்த கிராணிக்கும் அன்றைக்கே எழுதினேன். டீச்சருக்குத் தமிழில், கையால்.

என் மடலைக் கேட்டு நிறையப் பேர் செய்தி அனுப்புகிறீர்கள். தரமாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரே வாசகம் இரண்டு பேரிடமிருந்து ஒரே குழுவுக்குப் போனால் இரண்டுமே பொய்யாகிவிடும். நீங்கள் எழுதியதை அனுப்புங்கள், மலாய்ப் பிழை இருந்தால் அன்றைக்கே திருத்தித் தருகிறேன்.