பர்மாவாக நடித்த ஊர்கள்

யாங்கோன், 7 ஜூன் 2025, சனி

பர்மா வரும் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்து வைக்கிறேன். முதலில் பராசக்தி. 1952 தீபாவளிக்கு வந்த படம், 188 நிமிடம். கையில் இருக்கும் பிரதி இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிட்டால் வெட்டுப்பட்ட பிரதி என்று அர்த்தம். பெரும்பாலும் பாட்டுகள் போயிருக்கும். அந்தக் காலத்துப் படம் கிட்டத்தட்டச் சதுரம், இன்றைய டிவி அகலம். டிவி தானாகவே இழுத்துக் காட்டும்போது சிவாஜியின் கன்னம் உப்பிப் போகும், ஆட்கள் அரையடி குட்டையாவார்கள். ரிமோட்டில் பட அளவை 4:3 என்று மாற்றினால் சரியாகிவிடும். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். ஒலியில் ‘சரவுண்ட்’ ஓடிக்கொண்டிருந்தால் அதையும் நிறுத்துங்கள். ஒற்றைத் தட ஒலியை அது பிய்த்துப் பரப்பி வசனத்தைக் கிணற்றுக்குள் தள்ளிவிடும்.

படத்துக்கு வருவோம். ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கோனில், அண்ணன் தம்பி மூன்று பேர், மதுரையில் தங்கை. அவள் கல்யாணத்துக்குப் போகவேண்டும், போர்க்காலம், கப்பலில் கிடைத்தது ஒரே ஒரு டிக்கெட். கடைக்குட்டி குணசேகரன் ஏறுகிறான். மொத்தப் படமும் இந்த ஒரு டிக்கெட்டில்தான் தொங்குகிறது. படத்தில் ரங்கூன் என்பது சென்னை ஸ்டூடியோவின் நாலு சுவர். ஒரு தெருவில்லை, ஒரு பகோடா இல்லை. அது பெரிய குறையாகத் தெரியவில்லை. யார் போவது, யார் தங்குவது என்று ஒரு வீட்டுக்குள் நடக்கும் பேச்சு சரியாக இருந்துவிட்டால் ஊர் தானாக வந்து நின்றுவிடுகிறது.

குறை வேறு இடத்தில். நடு அண்ணன் ஞானசேகரன் இந்தியா திரும்பும் வழியில் தொலைந்துபோய், ஜப்பான்காரன் தாக்குதலில் ஒரு காலை இழக்கிறான். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு நாலைந்து லட்சம் இந்தியர்கள் இந்த நாட்டை விட்டுக் கிளம்பினார்கள், பெரும்பாலோர் கால்நடையாக. புரோமிலிருந்து தௌங்குப் கணவாய் வழியாக அரக்கான் கடற்கரைக்கு ஒரு வழி. தாமு வழியாக இம்பாலுக்கு இன்னொன்று. வடக்கே ஹுக்காவ்ங் பள்ளத்தாக்கு வழியாக லெடோவுக்குப் போனது மூன்றாவது, மழையில் அது சேற்றுக் குழி. இவ்வளவையும் படம் போகிற போக்கில் தாண்டிவிட்டு, கட்டைக்காலோடு அவன் தமிழ்நாட்டில் பிச்சைக்காரர்களுக்குச் சங்கம் வைப்பதில் வந்து நிற்கிறது. கோர்ட் காட்சிக்குக் கொடுத்த நேரத்தில் கால்வாசி இந்த நடைக்குக் கொடுத்திருக்கலாம். எஸ்.எஸ்.ராஜேந்திரன் அந்தக் காலை இழுத்து நடக்கும் விதத்தில் தெரிகிற வலிக்கு, படம் காரணத்தைக் காட்டவில்லை.

8 ஜூன், ஞாயிறு

அதே படத்துக்குப் பர்மிய சப்டைட்டில் பற்றி. பர்மாத் தமிழர்களான நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்குப் பர்மிய எழுத்துத்தான் வேகமாக வாசிக்க வரும், ஆகவே இது தேவை. மூன்று இடத்தில் தவறும்.

பழைய கோப்பு ஜோஜி என்ற பழைய பர்மிய எழுத்துருவில் இருக்கும், புதிய டிவியும் போனும் யூனிகோட். உயிர்க்குறிகள் எல்லாம் இடம் மாறி வரி நூடுல்ஸ் ஆகிவிடும். நாடு 2019 அக்டோபரில் யூனிகோடுக்கு மாறியது. அதற்கு முந்திய கோப்பு என்றால் எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்துவிட்டுத்தான் ஓட்டவேண்டும்.

அடுத்து, பர்மிய எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. நீளமான வரியை எங்கே மடிப்பது என்று தெரியாமல், படம் ஓட்டும் செயலி ஒரு சொல்லின் நடு வயிற்றில் உடைக்கும். கையால் மடித்து வைக்கவேண்டும், வரிக்கு ஒரு கருத்து என்று.

மூன்றாவதுதான் தலைவலி: உறவுச்சொல். தமிழில் தம்பி என்றால் எல்லோருக்கும் தம்பி. பர்மியத்தில் ஆணுக்குத் தம்பி ‘ஞீ’, பெண்ணுக்குத் தம்பி ‘மௌங்’. இயந்திர மொழிபெயர்ப்பு இதில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைப் போட்டுவிடும். மூத்த அண்ணன் சந்திரசேகரன் குணசேகரனை அக்காள் குரலில் கூப்பிட்டால் சோகக் காட்சியில் பிள்ளைகள் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

கோர்ட் வசனத்தின் எதுகை மோனையைப் பர்மியத்தில் பிடிக்கப் பார்க்காதீர்கள். முடியாது. ஒரு சப்டைட்டில் திரையில் ஒரு விநாடிக்குக் குறையாமலும் ஏழு விநாடிக்கு மேற்படாமலும் நிற்கவேண்டும் என்பது தொழில் வழக்கம். சிவாஜி அந்த ஏழு விநாடியில் மூன்று வாக்கியம் சொல்லியிருப்பார். கேள்வியை வைத்துக்கொண்டு அடுக்கை விட்டுவிடுவதே வழி. அப்படி உரித்த பிறகும் காட்சி நிற்கிறதா என்றால், நிற்கிறது. முகம் தாங்குகிறது. ஆனால் பாதி நீளத்தில் அது போதும் என்பதும் அப்போதுதான் தெரிகிறது.

14 ஜூன், சனி

கரண்ட் கணக்கு, அது இல்லாத இரவில் பேட்டரியில் படம் ஓட்ட. 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி என்றால் ஏட்டில் 1,200 வாட்-மணி. பாதிக்குக் கீழே இறக்கினால் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும், ஆகவே 600தான் நம் கையில். புரொஜெக்டர் 200, ஸ்பீக்கர் 40, லேப்டாப் 40, ஆகமொத்தம் 280 வாட். இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்தால் 330. ஒரு மணி ஐம்பது நிமிடத்துக்குத்தான் தாங்கும். பராசக்தி கோர்ட்டுக்குப் போவதற்குள் இருட்டிவிடும். 43 அங்குல எல்.இ.டி. டிவி மட்டும், 90 வாட் என்றால், ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓடும். இடையில் ‘மீ லாபீ’, கரண்ட் வந்துவிட்டது, என்று தெருவே கத்தினால் உடனே பிளக்கை மாற்றாதீர்கள்; கரண்ட் வந்த முதல் சில நிமிடம் வோல்டேஜ் ஏறி இறங்கும்.

15 ஜூன், ஞாயிறு

ரங்கோன் ராதா, 1956. அண்ணாதுரையின் நாவல், கலைஞரின் திரைக்கதை, ஏ.காசிலிங்கம் இயக்கம். மனைவியைப் பைத்தியம் என்று ஊரை நம்பவைக்கும் கணவன் சிவாஜி, மனைவி பானுமதி. 1944இல் வந்த காஸ்லைட் என்ற ஹாலிவுட் படத்தின் சாயல் உண்டு. அங்கே கணவன் மனைவியை மட்டும் ஏமாற்றுகிறான், இங்கே ஊரையே. அதனால் பயம் குறைந்து கோபம் கூடுகிறது. இது நம் மண்ணுக்குச் சரியான மாற்றம் என்றே சொல்வேன். நம்மூரில் ஒரு பெண்ணைப் பைத்தியமாக்க அந்தப் படத்தில் மாதிரி விளக்கு மங்கத் தேவையில்லை, பேய் பிடித்திருக்கிறது என்று நாலு பேர் சொன்னால் போதும்.

கதையின் கனம் முழுதும் தமிழ்நாட்டுக் கிராமத்தில்தான். ரங்கூன் தப்பிப் போகிற இடம், பெயருக்கு ஒட்டிய முத்திரை. ஆனாலும் ஒன்று. ரங்கூன் என்றால் பணம் வரும் ஊர், அல்லது குண்டு விழும் ஊர் என்றிருந்த காலத்தில், துரத்தப்பட்ட ஒருத்தி பிழைத்துப் பிள்ளை வளர்க்கிற ஊராக அதைச் சொன்ன படம் இது. எப்படிப் பிழைத்தாள் என்பதையும் காட்டியிருக்கலாமே.

21 ஜூன், சனி

தி பர்ப்பிள் பிளெயின், 1954, 100 நிமிடம். பேட்டரிக்கு ஏற்ற படம். ராபர்ட் பாரிஷ் இயக்கம், ஜெஃப்ரி அன்ஸ்வொர்த் ஒளிப்பதிவு. லண்டன் குண்டுவீச்சில் மனைவியை இழந்து, சாகவேண்டும் என்றே பறக்கும் விமானியாகக் கிரிகரி பெக். அவரை வாழவைக்கும் பெண்ணாக வின் மின் தான் என்ற பர்மியப் பெண். எடுத்தது சிலோனில். மண்ணின் நிறத்தைப் பார்த்தாலே நம் ஆட்களுக்குத் தெரிந்துவிடும்.

முதல் பாதி சாதாரணம். விமானம் விழுந்த பிறகு நடக்கும் நடைதான் படம். தண்ணீரை எண்ணி எண்ணிக் குடிப்பதும், காயம்பட்டவனைத் தூக்கிக்கொண்டு போவதா விட்டுப்போவதா என்ற சண்டையும் அசல். பராசக்தி தாண்டிப்போன நடையை இங்கே ஒரு வெள்ளைக்காரப் படம் நடந்து காட்டுகிறது. நடந்தவர்கள் யார் என்பது மட்டும்தான் மாறிப்போச்சு.

1995இல் வந்த பியாண்ட் ரங்கூன் எடுத்தது மலேசியாவில். அவ்வளவுதான் அதைப் பற்றி.

5 ஜூலை, சனி

வாசோ நெருங்குகிறது. பிக்குகள் மூன்று மாதம் மடத்தில் தங்கும் காலம். ஆகவே பர்மியத் துறவியைப் பற்றிய ஜப்பான் படம்: தி பர்மீஸ் ஹார்ப், கோன் இச்சிகாவா, 1956, கறுப்பு வெள்ளை, 116 நிமிடம். வண்ணத்தில் எடுக்க நினைத்தார் என்றும், வண்ணக் காமிராவின் கனம் இடம் கொடுக்கவில்லை என்றும் சொல்வதுண்டு. நல்லதாகப் போயிற்று.

முதலில் ஒரு காட்சி. ஒரு கிராமத்தில் ஜப்பான் படைப்பிரிவு. எதிரி சூழ்ந்துவிட்டான். வெடிமருந்து ஏற்றிய வண்டி வெளியே நிற்கிறது, ஒரு குண்டு பட்டால் எல்லோரும் தூள். ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி பாடிக்கொண்டே வண்டியை இழுக்கிறார்கள், மிசுஷிமா என்ற சிப்பாய் யாழ் வாசிக்கிறான். பாட்டு முடிகிற நேரம் காட்டுக்குள்ளிருந்து அதே மெட்டு ஆங்கிலத்தில் திரும்பி வருகிறது. போர் முடிந்துவிட்டது என்று தெரிவது அதற்குப் பிறகுதான். மெட்டு ஒன்று, இரண்டு பக்கமும் வீட்டு நினைப்பு. பின்னணி இசை எங்கேயும் நம் தோளைத் தட்டவில்லை, பாடுகிறவர்கள் வாயில்தான் இசை இருக்கிறது. சோகப் படம் எடுக்கிற எவரும் இந்த ஒரு காட்சியைப் பத்து தடவை பார்க்கலாம்.

இனி தவறுகள். நாவல் எழுதிய மிச்சியோ தாக்கேயாமா பர்மாவைப் பார்க்காமலே எழுதியவர், அது படத்துக்குள்ளும் கசிகிறது. துறவுடை போட்டவன் யாழ் வாசிக்கக் கூடாது. பௌத்தத் துறவு விதிகளான பத்துச் சீலத்தில் ஆடல், பாடல், வாத்தியம் விலக்கு. புதிதாகத் துறவு பூண்ட சாமணேரச் சிறுவனுக்கே அது தெரியும். வாத்தியமும் ஒலியும் ஒட்டவில்லை. நம்மூர் யாழான ‘சௌங்’ மடியில் கிடக்கும், படகு வடிவம், மான்தோல் போர்த்தியது, இன்று 16 நரம்பு. வலக்கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மீட்டும், இடக்கைக் கட்டைவிரல் நரம்பை உள்ளிருந்து அழுத்திச் சுரத்தை ஏற்றும். சங்க இலக்கியத்து வில்யாழுக்கு உயிரோடு இருக்கிற தங்கை என்று சொல்லலாம். அதன் ஒலி காய்ந்த மழைத்துளி மாதிரி, சுருக்கென்று நிற்கும். படத்தில் கேட்பதோ மேடைக் கச்சேரியின் பெரிய ஹார்ப் ஒலி, இழுத்து இழுத்துக் கரைகிறது.

ஊர் விஷயம்: படத்தில் கைதி முகாம் இருப்பது முடோனில். மோல்மேன் பக்கத்துத் தமிழர்களுக்குத் தெரிந்த ஊர். படுத்திருக்கும் புத்தருக்குள்ளிருந்து யாழ் கேட்கும் காட்சியைப் பார்த்துவிட்டு, இன்று முடோன் அருகே இருக்கும் வின்செயின் பெரிய புத்தர் என்று நினைத்துவிடாதீர்கள். அது படத்துக்குப் பல வருஷம் கழித்துக் கட்டத் தொடங்கியது.

இத்தனை தவறு இருந்தும் படம் ஏன் விழவில்லை? மிசுஷிமா உடையைத் திருடித்தான் துறவியாகிறான். காப்பாற்றிய பிக்குவிடமிருந்தே திருடுகிறான். வழியில் கும்பிடுகிறவர்கள் கும்பிட, சோறு போடுகிறவர்கள் போட, அவன் கூசிப்போகிறான். பிறகு ஆற்றங்கரையில் அடக்கம் செய்ய ஆளில்லாத பிணங்கள். திருடிய உடைக்கு விலை கொடுக்கவேண்டிய இடம் வந்துவிட்டது என்று அவனுக்கே தெரிகிறது. போகிறவர்களைப் பற்றியே படம் பார்த்துப் பழகிய நமக்கு, தங்கிப்போனவனைப் பற்றி ஒரு படம்.

6 ஜூலை, ஞாயிறு

இச்சிகாவாவே 1985இல் அதை வண்ணத்தில் மறுபடி எடுத்தார், தாய்லாந்தில். பச்சை ரொம்பப் பச்சை. நேரமில்லாதவர்கள் விட்டுவிடலாம்.

19 ஜூலை, சனி

தி ரோட் டு மாண்டலே, 2016, 108 நிமிடம். 1926இல் இதே பெயரில் ஒரு மௌனப் படம் உண்டு, தேடும்போது குழம்பவேண்டாம். இது மிடி இசட் எடுத்தது, லாஷியோவில் பிறந்தவர். சீனத் தலைப்புக்கு ‘மாண்டலேயே, போய் வருகிறேன்’ என்று பொருள்.

தாய்லாந்துக்குள் திருட்டுத்தனமாகப் போகும் வண்டி. முன்னால் உட்கார ஒரு விலை, பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் சுருண்டு படுக்க வேறு விலை. கூடக் கொடுத்தவன் குவோ. முன்பின் தெரியாத லியென்ச்சிங்குக்குத் தன் இடத்தைக் கொடுத்துவிட்டு அவன் பின்னால் போய்ப் படுக்கிறான். காதல் வசனம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கணக்கு அவன் மனதில் கடைசிவரை இருக்கிறது: நான் கொடுத்தேன், நீ எனக்குக் கடன். கடைசியில் நடக்கும் கொடுமைக்கு விதை இங்கேதான் விழுகிறது. பராசக்தியின் ஒற்றை டிக்கெட்டுக்குப் பிறகு, ஒரு இருக்கையை வைத்து இவ்வளவு சொன்ன படம் நான் பார்த்ததில்லை.

அவனுக்குச் சம்பாதித்து ஊர் திரும்பவேண்டும், அவளுக்கு இன்னும் தூரம் போகவேண்டும். காமிரா பெரும்பாலும் அசையாமல் நிற்கிறது. ஆலையில் நூல் ஓடுகிறது, ஆள் ஓடுகிறான், நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அறைக்குள் பெரிய உடும்பு வரும் காட்சியில் சிலர் எழுந்து போய்விடுவார்கள். அந்த அறைக்கு வரும் ஆணின் முகத்தைக் காட்டாமல் இருக்க இயக்குநர் எடுத்த வழி அது, எனக்குச் சரியாகவே படுகிறது.

சப்டைட்டிலை மட்டும் நம்பாதீர்கள். யுன்னான் சீனம், பர்மியம், தாய் மூன்றும் மாறி மாறி வரும், எழுத்தில் எல்லாம் ஒரே மாதிரிதான். யாரிடம் எந்த மொழியில் பேசுகிறார்கள் என்பதைக் காதால் பிடித்தால்தான் யார் யாருக்கு அஞ்சுகிறார்கள் என்று தெரியும். அதில் நமக்கு ஒரு மொழி இனாம்.

26 ஜூலை, சனி

2017இல் ரங்கூன் என்று இரண்டு படம். இந்தியில் விஷால் பரத்வாஜ் எடுத்தது போர்க்காலக் காதல், பர்மா எல்லை என்று காட்டுவது அருணாசலம். மலை அழகு, மூன்று பேர் காதல் அலுப்பு.

தமிழ்ப் படம் ராஜ்குமார் பெரியசாமியின் முதல் படம், கௌதம் கார்த்திக் நாயகன். இங்கிருந்து போய் வடசென்னையில் வேரூன்றிய குடும்பத்துப் பையன், தங்கக் கடத்தல். முதல் பாதியில் அந்த வட்டாரத்துப் பேச்சும் நட்பும் நன்றாக வந்திருக்கின்றன. கடத்தல் கதை சூடு பிடித்ததும் குடும்பம் பின்னுக்குப் போய்விடுகிறது. பர்மாவிலிருந்து போனவன் என்பதை எடுத்துவிட்டாலும் பிற்பாதி அப்படியே ஓடும், அதுதான் வருத்தம்.

சென்னையில் பர்மா என்றாலே அத்தோ என்கிற நூடுல்ஸ் கலவை. பர்மியத்தில் அந்தச் சொல்லுக்குப் பிசைந்து கலந்தது என்றுதான் பொருள், நூடுல்ஸ் என்று இல்லை. இங்கே தெருமுனைக் கடையில் போய் வெறுமனே ‘அத்தோ’ என்று கேட்டுப் பாருங்கள். கடைக்கார அம்மா புளித்தண்ணீர்க் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்ப்பாள்: என்ன அத்தோ? இஞ்சியா, தக்காளியா, காவ்ஸ்வே என்கிற நூடுல்ஸா?