செக்டார் 45-க்குள் ஒரு சிவப்புக் கோடு

சண்டிகருக்கு எப்படிப் போவது, எங்கே தங்குவது, என்ன செலவாகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த ஆட்டோக்காரரைப் பற்றி முதலில் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

சண்டிகர் ரயில் நிலையத்தில் இறங்கும்போது இரவு ஒன்பதரை. செக்டார் 45 (அந்த ஊரில் பேட்டைகளுக்கு எண்தான் பெயர்) என்றதும் ஆட்டோக்காரர் 500 ரூபாய் கேட்டார். பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. என் அரைகுறை இந்தியை வைத்துக்கொண்டு 350-க்கு இறக்கி, ஏதோ சாதித்துவிட்ட பெருமையோடு ஏறினேன். வழி நெடுக இரண்டு பக்கமும் மரம், ஒரு ரவுண்டானா, மறுபடியும் மரம். ஊருக்குள் போகிறோமா, ஊரைச் சுற்றிக் காட்டிக் காசு பிடுங்குகிறாரா என்றே சந்தேகம். ஒரு வீட்டு வாசல்கூடக் கண்ணில் படவில்லை. திடீரென்று ஒரு சந்து முனையில் நிறுத்தி, "இதுக்கு மேல வண்டி போகாது பாயி சாப், இது புரைல்" என்றார்.

நான் பதிவு செய்திருந்தது 'செக்டார் 45, சண்டிகர்' என்ற முகவரியில் ஓர் அறை. மற்ற இடங்களிலெல்லாம் இரண்டாயிரத்துக்குக் குறைந்து எதுவும் இல்லாதபோது இது மட்டும் 800 ரூபாய். திட்டமிட்ட நகரத்தில் மலிவாக ஓர் அறையைப் பிடித்துவிட்டேன் என்று வீட்டில் வேறு பீற்றியிருந்தேன்.

சந்தில் எதிரே ஆள் வந்தால் தோளை ஒடுக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு பக்கமும் நாலு மாடி, ஐந்து மாடி. ஒவ்வொரு மாடியும் கீழ் மாடியைவிட ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருக்க, மேலே எதிரெதிர் வீடுகள் கிட்டத்தட்ட முட்டிக்கொள்கின்றன. நடுவில் ஒயர்க் கூட்டம். என் அறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சமையலறை. கை நீட்டினால் உப்பு வாங்கலாம்.

மரங்களுக்கு நடுவே இப்படி ஓர் இடம் எங்கிருந்து வந்தது? காலையில் விடுதிக்காரரான வயதான சர்தார்ஜி, டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்ன பதில் இரண்டே சொல்: "லால் டோரா." சிவப்புக் கோடு. நகரம் வருவதற்கு முன்பே புரைல் ஒரு கிராமம். நகரத்துக்காகச் சுற்றியிருந்த வயல்களை எடுத்துக்கொண்ட அரசாங்கம், ஆட்கள் குடியிருந்த பகுதியை மட்டும் விட்டுவிட்டது. வருவாய்த் துறை வரைபடத்தில் அதைச் சுற்றியிருப்பதுதான் அந்தச் சிவப்புக் கோடு. நம்மூர் கிராம நத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்கு வெளியே அங்குலம் அங்குலமாக விதி. உள்ளே அந்த விதிகள் வெகுகாலம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அங்கிருந்து பொடிநடையாகப் போய், பெரிய சாலை ஒன்றைத் தாண்டினேன். செக்டார் 33. வேறு நாட்டுக்கு வந்துவிட்டது போல் இருந்தது. பங்களாக்கள், புல்வெளி, எல்லா வீடும் சாலையிலிருந்து ஒரே அளவு பின்தள்ளி. யாருடைய ரசனை இது என்று கேட்டால் எல்லோரும் நகரத்தைத் திட்டமிட்ட கட்டடக் கலைஞர் லே கொர்பூசியே பெயரைச் சொல்கிறார்கள். எனக்கென்னவோ இதில் பாதிப் புகழ் 1952-இல் போட்ட சட்டத்துக்குப் போக வேண்டும் என்று தோன்றுகிறது. மனையில் எவ்வளவு இடம் விட வேண்டும், எத்தனை மாடி, முன்சுவர் எவ்வளவு உயரம், எல்லாம் அதன் கீழ் வந்த விதிகளில் உண்டு. சின்ன மனைகளுக்கு இன்னும் கெடுபிடி: முகப்பின் சட்டகத்தையே அரசாங்கம் தீர்மானித்துவிட்டது. சுவர் இந்த உயரம், திறப்பு இந்த இடத்தில், உங்கள் ஆசையெல்லாம் அதற்குள்தான். சொந்தக் காசில் கட்டினாலும் சொந்த முகம் கிடையாது. வரிசையாகப் பார்க்கும்போது அழகு, மறுக்க மாட்டேன். அந்த வரிசையில் நான் வீடு கட்டியிருந்தால் சண்டை போட்டிருப்பேன்.

இரவில் ஏன் வெறும் மரமாகத் தெரிந்தது என்பதும் அப்புறம்தான் விளங்கியது. ஒரு செக்டார் என்பது 800 மீட்டருக்கு 1200 மீட்டர். அதைச் சுற்றி ஓடும் வேகச் சாலைகளில் எந்த வீடும் வாசல் வைக்கக் கூடாது. வீடுகளெல்லாம் உள்பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன. காரில் போகிறவருக்கு இது சொர்க்கம். நடந்து போகிற என் போன்ற கஞ்சனுக்கு? நடுப்பகல் வெயிலில் ஒரு செக்டாரின் நீளத்தை ஓரமாகவே நடந்து கடந்தேன். ஒரு டீக்கடை இல்லை, பெட்டிக்கடை இல்லை. கடைகளெல்லாம் செக்டாரின் நடுவே குறுக்காகப் போகும் தெருவில்தான் என்பது கால் வலித்த பிறகு தெரிந்தது. செக்டார் 22-இல் அந்தக் கடைத்தெருவுக்குப் போய்ச் சேர்ந்ததும் கோபம் பாதி குறைந்தது. கீழே கடை, மேலே வீடு, முன்னால் நீள வராண்டா. வெயிலே படாமல் நடக்கலாம். ஜேன் ட்ரூ, மேக்ஸ்வெல் ஃப்ரை, பியர் ஜான்னரே என்று மூன்று கட்டடக் கலைஞர்கள் இங்கேயே தங்கி வேலை பார்த்தவர்கள். கொர்பூசியேவின் நிழலில் மறைந்துபோனார்கள்.

ஒரு விஷயம், நம்மவர்களுக்காக. தனிமனிதர் சிலைகள் வைக்கக் கூடாது என்று கொர்பூசியே எழுதியே வைத்துவிட்டார். சந்திப்புக்கு ஒரு தலைவர் விரல் நீட்டும் ஊரிலிருந்து போன எனக்கு ரவுண்டானாக்கள் மொட்டையாகத் தெரிந்தன.

ராக் கார்டனைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்கு இது மட்டும். சாலை ஆய்வாளராக இருந்த நேக் சந்த், கட்டடமே கூடாது என்று ஒதுக்கிய காட்டு நிலத்தில் பல வருடம் திருட்டுத்தனமாகக் கட்டிய தோட்டம் அது. புரைல் போலத் தப்பாமல் நகரத்துக்காக இடிபட்ட கிராமங்களின் இடிபாடுகளும் அதில் உண்டு. கண்டுபிடித்த அதிகாரிகள் இடிக்காமல் விட்டார்கள், 1976-இல் திறந்தும் வைத்தார்கள். இன்று ஊரைப் பார்க்க வருகிற கூட்டம் அங்கே அலைமோதுகிறது!

சாப்பாடு. செக்டார் 35-இல் ஏசி உணவகம் ஒன்றில் 620 ரூபாய் கொடுத்து ஆறிப்போன 'நான்' ரொட்டி சாப்பிட்டது தண்டம். அன்று இரவே புரைல் சந்தில், நாலு பெஞ்சு போட்ட தாபாவில் 'கடி சாவல்' என்ற குழம்புச் சாதம். புளித்த தயிரில் கடலைமாவு கரைத்துக் கொதிக்கவிட்ட, நம்ம மோர்க்குழம்பின் பஞ்சாபி ஒன்றுவிட்ட அண்ணன். பக்கோடா ஊறி மெத்தென்று கிடக்கிறது, மேலே மிளகாய் வற்றல் தாளிப்பு. சாதம் கேட்கக் கேட்க வந்தது. 70 ரூபாய். மறுநாளும் போனேன். அந்த பெஞ்சில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்கள் பங்களாக்களில் சமைக்கிறவர்கள், கடைகளில் நிற்கிறவர்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள். வாடகை கட்டுப்படியாகிற இடம் கோட்டுக்குள்தானே இருக்கிறது.

அப்படியும் இடம் போதாதவர்கள் எங்கே போகிறார்கள் என்று பார்க்க ஒரு நாள் பஸ் பிடித்து, சண்டிகர் எல்லையை ஒட்டிப் பஞ்சாபில் இருக்கும் ஸிராக்பூர் போனேன். நின்றுகொண்டே, நெரிசலில், ஒரு கால் என்னுடையதா என்றே தெரியாமல். ஐந்து லட்சம் பேருக்குத் திட்டமிட்ட நகரம் சண்டிகர். 2011 கணக்கெடுப்பில் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் உயரம் கூட்ட முடியாது. 1 முதல் 30 வரையான செக்டார்களில் ஒரு வீட்டை மாடி மாடியாகப் பிரித்து அடுக்ககம் ஆக்குவதை உச்ச நீதிமன்றமே 2023 ஜனவரியில் தடுத்துவிட்டது. சுற்றிலும் ஒன்றும் முளைக்கக் கூடாது என்று 1952-லேயே இன்னொரு சட்டமும் போட்டிருந்தார்கள். ஆனால் 1966-இல் பஞ்சாப் மாநிலம் பிரிந்ததும் நகரத்தை ஒட்டியே பஞ்சாப் மொஹாலியை வளர்த்தது, ஹரியானா பஞ்ச்குலாவை வளர்த்தது. ஸிராக்பூரோ பில்டர்கள் கைக்குப் போயிற்று. சாலையை ஒட்டியே கோபுரம் கோபுரமாக அடுக்ககங்கள், இடையில் கல்யாண மண்டபங்கள், புழுதி, நடைபாதை என்ற பேச்சே இல்லை. சண்டிகரில் குறைந்த விலைக்கு இடம் கிடைக்காதவர்களைத்தான் இங்கே அடைத்து வைத்திருக்கிறார்கள். செக்டார் 33-இன் புல்வெளி அவ்வளவு அமைதியாக இருக்கிறதென்றால் அதற்கான கூட்டத்தை ஸிராக்பூர் சுமக்கிறது என்று நின்றபடியே யோசித்துக்கொண்டு திரும்பினேன்.

கிளம்பும் நாள் ஆட்டோ பிடிக்கப் போனவனை சர்தார்ஜி தடுத்தார். "சந்தைத் தாண்டி பெரிய ரோட்டுல நில்லுங்க ஜீ, ஷேர் ஆட்டோ வரும்." வந்தது. ஒருமுறை மாறி ஏற வேண்டியிருந்தது. ரயில் நிலையத்துக்கு மொத்தம் 50 ரூபாய்.