எஃப்3 குதிரை

மார்ச் 3
நகர்வுகளை அனுப்பி ஆடும் சதுரங்கம், எனக்கு வெள்ளை. நான் ஈ4, அவர் ஈ5. அடுத்து யோசிக்காமல் எஃப்4, சிப்பாயைத் தியாகம் கொடுக்கும் கிங்ஸ் கேம்பிட். காலை நீட்டிக்கொண்டு படுத்தே கிடப்பவன் வேறு எதைத்தான் ஆடுவான்?

மார்ச் 4
சிப்பாயை எடுத்துவிட்டார். நல்லவேளை, டி5 வைக்கவில்லை. ஃபால்க்பியர் என்ற அந்த எதிர்த்தாக்குதல் வந்தால் எனக்கு ஆட்டமே பிடிக்காமல் போகும். குதிரை எஃப்3. ராணி எச்4-க்கு வந்து செக் சொல்லாமல் இருக்க அது அங்கே நின்றாக வேண்டும்.

மார்ச் 6
அவர் ஜி5. நான் பிஷப் சி4. கால் கட்டுக்குள் ஒரே அரிப்பு.

மார்ச் 8
அவர் ஜி4. என் குதிரை மாட்டிக்கொண்டது. ஈ5-க்குத் தாவலாம்தான், ஆனால் உடனே ராணி எச்4 செக், என் ராஜா எஃப்1-க்கு நகர்ந்து காஸ்லிங் (ராஜாவும் யானையும் ஒரே நகர்வில் இடம் மாறுவது) உரிமையை இழந்து நிற்கும். மதியம் முழுக்க அந்த நிலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்திரி 11:40-க்கு, குதிரையை அங்கேயே விட்டுவிட்டுக் காஸ்லிங். இந்தக் குதிரைத் தியாகத்துக்கு முட்சியோ என்று பெயர். அனுப்பிய பிறகு வயிற்றைப் பிசைந்தது.

மார்ச் 9
பதில் இல்லை.

மார்ச் 10
பதில் இல்லை. ஒரு நகர்வுக்கு மூன்று நாள் என்று ஒத்துக்கொண்டது நான்தான்.

நகர்வு சொல்லிக்கொடுக்கும் செஸ் எஞ்சினைத் திறக்கக் கூடாது. இரண்டு முறை விரல் அதுவரை போய்த் திரும்பியது.

1960-ல் அர்ஜென்டினாவின் மார் டெல் பிளாட்டாவில் ரஷ்யர் ஸ்பாஸ்கி இதே கிங்ஸ் கேம்பிட்டை வைத்துத்தான் அமெரிக்கர் ஃபிஷரை ஜெயித்தார். மறு வருடமே ஃபிஷர், மூன்றாவது நகர்வில் கறுப்பு டி6 வைத்தால் கேம்பிட் செத்தது என்று கட்டுரை எழுதிவிட்டார். கோபத்தில் எழுதியது என்று எனக்குத் தோன்றும். பிறகு 1963 அமெரிக்க சாம்பியன்ஷிப்பில் அவரே வெள்ளையில் எஃப்4 ஆடினார்! குதிரைக்குப் பதிலாக மூன்றாவதில் பிஷப் சி4, அவ்வளவுதான் வித்தியாசம். செத்ததை எழுப்பி உட்காரவைத்து ஆடிய மனிதர். என்னவோ, இன்று அது ஆறுதலாக இருக்கிறது.

நான் குதிரையைக் கொடுத்தது துணிச்சலிலா, படுத்துக் கிடக்கும் சலிப்பிலா?

மார்ச் 11
இன்னும் 20 நிமிடம் இருக்கும்போது குதிரையை வெட்டினார். மனிதர் தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். ராணியால் திருப்பி எடுத்தேன்.

மார்ச் 12
அவர் ராணி எஃப்6. நான் ஈ5, அந்தச் சிப்பாயும் போகட்டும். அதையும் ராணியாலேயே எடுத்தார், ஐந்தே நிமிடத்தில்.

மார்ச் 13
கணக்குப் போட்டால் எனக்கு ஒரு குதிரையும் ஒரு சிப்பாயும் குறைவு. அவர் பக்கத்தில் வெளியே வந்திருப்பது ராணி ஒன்றுதான்.

டி3 என்றால் நிதானம்: பிஷப், குதிரை, யானை எல்லாம் வரிசையாக வரும். இன்னொன்று பிஷப்பையும் எஃப்7-ல் தூக்கிக் கொடுப்பது. ராஜா வெட்டும், நான் டி4, ராணி செக்கோடு எடுக்கும், பிஷப் ஈ3. அதற்குமேல் எஃப் வரிசை திறந்தால் உண்டு, இல்லாவிட்டால் மானம் போகும்.

மூன்று முறை எஃப்7 வரை இழுத்துவந்து திருப்பி வைத்தேன்.

மார்ச் 15
9 மணிக்குக் கட்டுப் பிரிக்க வரச் சொல்லியிருக்கிறார்கள். கடிகாரத்தில் 4 மணி நேரம். டி3-யாகவே இருக்கட்டும்.

8:10. இல்லை, எஃப்7.