இலவசக் குடை கொடுத்த கம்பெனி

தூத்துக்குடி அப்போது நம்ம திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. 1906-இல் வ.உ.சி. சுதேசி கப்பல் கம்பெனி தொடங்கினார், பங்கு 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்கு. காலியா, லாவோ என்று சொந்தக் கப்பல்கள் கொழும்புக்கு ஓட ஆரம்பித்ததும் போட்டிக்கு நின்ற வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனியான பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி டிக்கெட்டைக் குறைத்தது, குறைத்துக்கொண்டே போய்க் கடைசியில் காசே வேண்டாம், ஏறினால் குடையும் தருகிறோம் என்றது. (முதல் ஆர்டருக்குத் தள்ளுபடி தரும் ஆப்காரர்களை என்னமோ புதுசு மாதிரி பேசுகிறோம்.) ஆனால் என்னைக் கேட்டால் சுதேசி கம்பெனி குடையால் சாகவில்லை. 1908-இல் அவரைச் சிறையில் தள்ளினார்கள், முக்கால்வாசிப் பாரமும் ஒரே ஆள் தலையில் இருந்த கம்பெனி 1911-இல் கலைந்தது, கப்பல் எதிராளிக்கே போனது. சரி, ஜெயித்தவன்? 1914-இல் பி அண்ட் ஓ என்ற இன்னொரு பிரிட்டிஷ் கப்பல் கம்பெனியோடு சேர்ந்தான், 1970-களில் பிரிட்டிஷ் இந்தியா என்ற பெயரும் போய்விட்டது.